மணக்காத பெயிண்டும் மாமன் வாயும்

பெயிண்ட் பட்டறை,
பிப்ரவரி 4

என் அக்கா பெற்ற ஒரே மகளுக்கு,

தாய்மாமன் எழுதுவது. நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்கிற நிலையில் நான் இல்லை. உன் அம்மா நலம், உன் அத்தை நலம், நான் மட்டும் அடுப்பில் வைத்த டிரம் மாதிரி கொதிச்சுக்கிட்டு இருக்கேன். காலையிலிருந்து போன் போட்டு விரல் தேஞ்சு போச்சு. எடுக்க மாட்டேங்கிற. பெரிய ஆபீஸ்ல பெரிய வேலை. மாமன் சின்ன ஆள்.

இன்னிக்கு உங்க முத்திரை மன்றத்திலிருந்து ஒரு தாள் வந்தது. ‘உறவினர் சலுகை குறித்த புகார் விசாரணையில் உள்ளதால், தங்களின் உள்சுவர்ப் பெயிண்டுக்கு வழங்கப்பட்ட பச்சை முத்திரை தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படுகிறது.’ அதாவது காத்தையும் தண்ணியையும் கெடுக்காத சரக்குன்னு சொல்ற அந்தப் பச்சை வட்டத்தை இனிமே என் டப்பாவில் ஒட்டக் கூடாது. திரும்பத் திரும்பப் படிச்சேன். நான் ஆறாவதோட பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். விட்டது படிப்பு ஏறாததால இல்லை. நான் வரப்போறேன்னு தெரிஞ்சதும் ஏழாம் வகுப்பு வாத்தியார் வேற ஊருக்கு மாற்றல் வாங்கிட்டுப் போயிட்டார், அதனால. அப்பேர்ப்பட்ட எனக்கே அந்தத் தாள் விளங்கிடுச்சு. திருடன்னு சொல்றாங்க. கொஞ்சம் இங்கிதமா சொல்றாங்க.

ஏன்டி, அந்த முத்திரை வாங்கித்தான் ஆகணும்னு எவனாவது என் கழுத்துல கத்தி வச்சானா? சட்டமா அது? வேணுங்கிறவன் வாங்கலாம், வேண்டாங்கிறவன் பேசாம பெயிண்ட் வித்துட்டுப் போகலாம். இந்தச் சந்தையில அத்தனை பேரும் பேசாமத்தான் விக்கிறான். நானாப் போய்த் தலையைக் குடுத்தேன். கட்டணத்தையும் கட்டி, ‘வாங்க, வந்து என் குத்தத்தைக் கண்டுபிடிங்க’ன்னு நானே கூப்பிட்டேன்.

கண்டுபிடிச்சாங்களே! முதல் தடவை பெயில். பெயிண்ட் நல்லாத்தான் இருக்கு, டிரம் கழுவுற தண்ணியைச் சாக்கடையில விடறீங்க, அது கூடாதுன்னாங்க. ரெண்டு தொட்டி கட்டினேன். கழுவின தண்ணியைத் தெளிய வச்சு அடுத்த கலவைக்கே ஊத்தினேன். மூக்கைத் துளைக்கிற மருந்தையெல்லாம் நிறுத்தினேன். கலவை தயிர் மாதிரி திரிஞ்சது, கொட்டினேன். கட்டி தட்டிச்சு, கொட்டினேன். சுவத்துல பூசினா காய மாட்டேன்னு அடம் பிடிச்சது, கொட்டினேன். ஒரு நாள் உன் அத்தை பட்டறைக்குள்ள வந்து நின்னு, ‘என்னங்க, இன்னிக்கு எனக்குக் கண்ணு எரியலையே’ன்னா. கல்யாணமானதிலிருந்து இந்தப் பட்டறையில அவ கண்ணு எரியாத நாளே இல்லை. அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது, பாஸ்னு. ரெண்டாவது தடவை வந்த உங்க ஆய்வாளர் என் பெயிண்டை மோந்து பார்த்துட்டு, ‘ஐயா, இது பெயிண்டா பசும்பாலா’ன்னு கண்கலங்கி என் கையைப் பிடிச்சுக்கிட்டார்.

புகார் குடுத்தவன் யாருன்னு தெரியும். எதிர்த்தெரு அருவிக்காரன். அவன் டப்பாவைப் பார்த்திருக்கியா? ஒரு அருவி, ஒரு பட்டாம்பூச்சி, ரெண்டு இலை, ‘இயற்கையின் தோழன்’னு எழுத்து. யார் சோதிச்சது? அவனும் அச்சுக்காரனும் சேர்ந்து சோதிச்சது. மூடியைத் திறந்தா தின்னர் வாடையில தெருநாய் மயங்கி விழுது. அவனை யாரும் கேக்க மாட்டாங்க, ஏன்னா அவன் உங்ககிட்ட வரவே இல்லை. வந்தவனைத்தான் அடிப்பீங்க. நல்லா இருக்கு உங்க நியாயம்!

நாளைக்கே போய் உன் மேலதிகாரி மேஜையில ஓங்கி ஒரு தட்டு தட்டி, ‘என் மாமன் சொக்கத் தங்கம்’னு சொல்லு. சொல்லிட்டு எனக்குப் போன் பண்ணு.

இப்படிக்கு,
நெஞ்சு எரியும் உன் தாய்மாமன்


விடுதி அறை,
பிப்ரவரி 9

மாமாவுக்கு,

போன் எடுக்காததற்குக் காரணம் பெரிய வேலை இல்லை. எனக்கு இப்போது வேலையே இல்லை. விசாரணை முடியும் வரை அலுவலகத்துக்கு வர வேண்டாம் என்று என்னை வீட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு வந்த தாளைப் போல எனக்கும் ஒன்று வந்தது. உங்களுடையது நிறுத்தி வைத்தது ஒரு பச்சை வட்டத்தை. என்னுடையது என்னை.

மேஜையில் தட்டச் சொல்கிறீர்கள். தட்டுவதற்கு என் மேஜையே இப்போது பூட்டிக் கிடக்கிறது.

உங்களிடம் பலமுறை சொன்னதை மறுபடி எழுதுகிறேன். நான் லாட்ஜ்களையும் சலவைக் கடைகளையும் பார்க்கிறவள். பெயிண்ட் வேறு பிரிவு, வேறு மாடி. என் மாமா பெயிண்ட் தயாரிக்கிறார் என்று வேலையில் சேர்ந்த அன்றே எழுதிக் கொடுத்தேன். உங்கள் விண்ணப்பம் வந்தபோது அந்த மாடிப் படியைக்கூட நான் மிதிக்கவில்லை. நீங்கள் பாஸ் ஆனது எனக்குத் தெரிந்ததே உங்கள் போனில்தான். அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதை இப்போது நினைத்தாலே எரிச்சலாக இருக்கிறது.

புகாரோடு ஒரு காலண்டர் வைத்திருக்கிறார்கள். மன்றத்தில் ஒருவர் என்னிடம் காட்டினார். நான் உங்கள் பட்டறையில் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன். ‘கண்ணாடி மினுங்குது, வெளிச்சத்துல பிடிம்மா’ என்று நீங்கள் எடுத்த படம். கீழே கொட்டை எழுத்தில், ‘முத்திரை தந்த எங்கள் வீட்டுப் பெண்.’

முத்திரை தந்த! மாமா, அதை எழுதும்போது உங்கள் கை கூசவில்லையா?

காலண்டரோடு, உங்கள் பெயிண்டை விற்கும் ஹார்டுவேர் கடை முதலாளியிடம் குழு கேட்டு வாங்கிய வாக்குமூலமும் இருக்கிறது. நீங்களே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னீர்களாம். என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். கூட்டாமல், பெருக்காமல், கண்கலங்கிய ஆய்வாளர் இல்லாமல். போன் வேண்டாம். நமக்குள் எதுவானாலும் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். கேட்டால் விசாரணைக் குழுவிடம் காட்டுவேன். உங்கள் முதல் கடிதத்தையும் சேர்த்துத்தான்.

அத்தையை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் அக்கா மகள்


பெயிண்ட் பட்டறை,
பிப்ரவரி 14

மருமகளே,

முதலில் குழுவுக்கு. ஐயா, அம்மா, யாரா இருந்தாலும் வணக்கம். மாமனும் மருமகளும் பேசறதை ஒளிஞ்சிருந்து படிக்கிறது நல்ல குடும்பத்துக்கு அழகில்லை. படிச்சா முழுசாப் படிங்க, பாதியில தூங்கிடாதீங்க.

இப்ப உனக்கு. என்ன சொன்னேன்னு கேட்டே. சொல்றேன்.

பாஸ் ஆன அன்னிக்கு டப்பாவில பச்சை வட்டத்தை ஒட்டி, தலைப்பாகை கட்டாத ராஜா மாதிரி ஹார்டுவேர் கடைக்குப் போனேன். ஊர்ல பாதிப் பெயிண்ட் அந்த மேஜை மேலதான் விலை போகுது. முதலாளி டப்பாவைத் திருப்பிப் பார்த்தார்.

“இது என்னய்யா பச்சையா?”

“முத்திரை. சோதனை பண்ணிக் குடுத்தது.”

“எவ்வளவு ஆச்சு?”

“கட்டணம் உண்டு. ஆனா அதுக்காகக் குடுக்கிறதில்லைங்க. சோதனை உண்டு. முதல்ல பெயில், அப்புறம் பாஸ்.”

கடையே கொல்லுனு சிரிச்சது. “பெயிலாம்யா! பாஸாம்யா! இந்த வயசுல பரீட்சை எழுதிட்டு வந்திருக்கார்!” பக்கத்துல ஒரு மேஸ்திரி, பெயிண்ட் அடிக்கிற ஆளு, மூடியைத் திறந்து மோந்து பார்த்தான். “மணமே இல்லையே அண்ணே. இது பெயிண்டா, சுண்ணாம்புத் தண்ணியா? மணம் இல்லாட்டி வீட்டுக்காரன் பழைய சரக்குன்னு என்னை உதைப்பான்.” மறுபடி சிரிப்பு. நான் தொட்டி கட்டின கதையைச் சொன்னேன். உன் அத்தை கண்ணைச் சொன்னேன். சத்தியமா சொல்றேன், அன்னிக்கு ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லலை. என் வாழ்க்கையிலேயே முழு உண்மை பேசின ஒரே நாள் அது. எவனும் நம்பலை! முதலாளி என் தோளைத் தட்டி, “அட போய்யா, என்கிட்டயேவா? உள்ள யாரைப் பிடிச்சே, அதைச் சொல்லு”ன்னார்.

அப்ப எனக்கு வந்ததே ஒரு கோபம்! அந்தக் கோபத்துலதான் சொன்னேன். “அங்க என் அக்கா மக இருக்கா.”

அது பொய்யா? நீ அங்க இருக்கியா இல்லையா?

சிரிப்பு சட்டுனு நின்னு போச்சு. ஒரு நாற்காலி வந்தது. துணியால துடைச்சுப் போட்டாங்க. “அப்படிச் சொல்லுங்க, மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே”ன்னு முதலாளி என்னை ‘ங்க’ போட்டார். என்னை! அந்த மேஸ்திரி மறுபடி டப்பாவை மோந்து பார்த்து, “லேசா ஒரு நல்ல வாசனை வருதுண்ணே”ன்னான்.

அப்புறம் என்ன, வாய் தானா ஓடிச்சு. அடுத்த கடைக்குப் போகும்போது நீ அதிகாரி ஆயிட்டே. அதுக்கடுத்த கடையில தலைமை அதிகாரி. சந்தைக் கோடிக்கு வர்றதுக்குள்ள மன்றமே உன் கண்ணசைவுல நடந்தது. ‘போடும்மா’ன்னேன், போட்டா. ‘பின்வாசல் வழியா வாங்க மாமா’ன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா. முதல் பெயில் கூட ஊருக்குச் சந்தேகம் வரக் கூடாதுன்னு நாங்க ரெண்டு பேரும் போட்ட திட்டம்னு சொன்னேன். அது எனக்கே ரொம்பப் பிடிச்சிருந்தது. காலண்டரும் அந்தச் சூட்டுல அடிச்சதுதான். இருபது கடையில மாட்டியிருக்கு. சரி, முப்பதுல.

நான் உழைச்சு வாங்கினேன்னு சொன்னா எவனும் நம்பலை. ஏமாத்தி வாங்கினேன்னு சொன்னேன், வரிசையில நின்னு வாங்கினான். இதுல என் தப்பு எங்கடி இருக்கு? கோபம் யார் மேல வரணும்? குழுவைக் கேட்டுச் சொல்லு.

வேண்டாம் போ. உங்க பச்சை வட்டத்தைத் தபால்லயே திருப்பி அனுப்பிடறேன். நானா கேட்டு வாங்கினது, நானா குடுத்துடறேன். தகராறு தீர்ந்தது.

இப்படிக்கு,
யாருக்கும் தலைவணங்காத உன் தாய்மாமன்


விடுதி அறை,
பிப்ரவரி 19

மாமா,

தயவுசெய்து எதையும் திருப்பி அனுப்பாதீர்கள். நல்லது செய்கிறேன் என்று கொள்ளிக்கட்டையால் தலை சொறிந்துவிடாதீர்கள். இப்போது அதைத் திருப்பிக் கொடுத்தால் ‘அகப்பட்டதும் போட்டுவிட்டு ஓடினான்’ என்பார்கள். ஓடியவர் நீங்களாக இருப்பீர்கள், அகப்பட்டவள் நான்.

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிடுவேனோ என்று பயந்தேன். நாற்காலி வரும் இடத்தில் சிரிப்பு வரத்தான் செய்தது. அதற்காக என்மேலேயே எனக்குக் கோபம். சின்ன வயதிலிருந்து உங்கள் கதைகளுக்கு நாங்கள் எல்லோரும் சிரித்தோம், அதுதான் தப்பாகிவிட்டது. வீட்டுக்குள் ஓடிய வாய் சந்தைக்குப் போய்விட்டது.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உங்களுக்குத் தெரியுமா? கேட்டதே இல்லை. லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்குகிறேன். ஒருவரும் கூப்பிடுவதில்லை. வாசலில் நிற்க வைப்பார்கள். ‘தினமும் துண்டையும் விரிப்பையும் துவைக்காதீர்கள், தங்குகிறவர் கேட்டால் துவையுங்கள், என்ன சோப்பு போடுகிறீர்கள் என்று காட்டுங்கள், கஷ்டப்பட்டால் ஒரு முத்திரை தருகிறோம்’ என்று கெஞ்ச வேண்டும். ‘இதனால் எனக்கு என்ன லாபம்?’ என்பார்கள். ஆட்கள் நம்புவார்கள் என்பேன். விற்க என்னிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான், மாமா. நம்புவார்கள். அதைச் சொல்லிச் சொல்லித்தான் ஒவ்வொரு லாட்ஜாகச் சேர்த்தேன்.

அதில் ஒரு லாட்ஜ் முதலாளி உங்கள் காலண்டரைப் பார்த்துவிட்டு நேற்று அம்மாவுக்குப் போன் செய்தார். குரலைத் தாழ்த்தி, மரியாதையாகக் கேட்டாராம். ‘உங்க பொண்ணு என்ன எதிர்பார்க்கிறாங்கன்னு முன்னாடியே சொல்லியிருந்தா, இவ்வளவு துண்டு, இவ்வளவு சோப்பு எதுக்குங்க மாத்தினோம்?’

அம்மா போனை வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். அழவில்லை. ‘அவர் கேட்கிறதில் ஏதாவது உண்மை இருக்கா?’ என்று கேட்டாள். என்னைப் பெற்றவள் கேட்கிறாள்.

யார்மேல் கோபம் வர வேண்டும் என்று குழுவைக் கேட்கச் சொன்னீர்கள். குழு எதற்கு? நான் சொல்கிறேன். அந்தக் கடைக்காரர் நம்பவில்லை, சரி. நம்பாதவரை நம்ப வைக்க உங்கள் பெயிண்டைச் சுவரில் அடித்துக் காட்டியிருக்கலாம். என்னை எடுத்து அடித்துக் காட்டினீர்கள்.

விசாரணை 28ஆம் தேதி காலை. நேரில் வந்து, நீங்கள் சொன்னது ஒவ்வொன்றும் பொய் என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். பின்வாசல் பொய், ‘போடும்மா’ பொய், திட்டம் பொய். வேறு எதுவும் சேர்க்க வேண்டாம். நான் தங்கம் என்றும் சொல்ல வேண்டாம். காலண்டர்களைக் கழற்றுங்கள்.

உங்கள் அக்கா மகள்


பெயிண்ட் பட்டறை,
பிப்ரவரி 23

மருமகளே,

முடியாது.

காலண்டரைக் கழட்டறேன். பாதி கழட்டியாச்சு. ஆனா அத்தனை பேர் முன்னாடி நின்னு, ‘நான் பொய்யன்’னு என் வாயாலயே சொல்லணுமா? இந்தச் சந்தையில எனக்குக் கடை கிடையாது, கார் கிடையாது, வாய் ஒண்ணுதான் இருக்கு. அதையும் அங்க வந்து அறுத்துக் குடுத்துட்டு ஊமையாத் திரும்பணுமா? பொய்யன் விக்கிற பெயிண்டை அப்புறம் எவன் வாங்குவான்?

நான் நாலு யோசனை வச்சிருக்கேன். நல்லாக் கேளு. கடைக்காரருக்குக் காது மந்தம்னு சொல்லிடறேன். இல்லாட்டி அன்னிக்கு எனக்குக் காய்ச்சல், பிதற்றினேன்னு சொல்றேன். உன் அத்தை சாட்சி சொல்லுவா, நான் மிரட்டினா. அதுவும் வேண்டாம்னா, எனக்கு இன்னொரு அக்கா மக இருக்கான்னும், அவ வேற ஏதோ மன்றத்துல இருக்கான்னும், நான் சொன்னது அவளைப் பத்தின்னும் ஒரு கதை கட்டலாம். அவளுக்கு ஒரு பேர் வைக்கிறது மட்டும்தான் பாக்கி. நாலாவதை நேர்ல சொல்றேன், எழுதினா குழுவுக்குத் தெரிஞ்சு போகும்.

உன் அம்மா நேத்து பட்டறைக்கு வந்தா. என்னைவிட மூத்தவ, எனக்குச் சோறு ஊட்டினவ, திட்டுவாள்னு காத்திருந்தேன். திட்டினா நானும் திருப்பிக் கத்தலாம். அவ உள்ளகூட வரலை. வாசல்ல நின்னு, “உன் வாய்ப் பசிக்கு என் பொண்ணுதான் கிடைச்சாளாடா?”ன்னு கேட்டுட்டுப் போயிட்டா. நான் கத்தறதுக்காகத் திறந்த வாயைத் திறந்தபடியே வச்சுக்கிட்டு நின்னேன். வேலைக்காரங்க முன்னாடி!

எல்லாரும் சேர்ந்து என்னைக் குத்தவாளி ஆக்குங்க. பெயிண்ட் சுத்தமா இருக்கு, அதை மட்டும் ஒருத்தரும் பேசாதீங்க.

இப்படிக்கு,
உன் மாமன்


விடுதி அறை,
பிப்ரவரி 25

மாமா,

நாலாவது யோசனை எனக்கு வேண்டாம். இன்னொரு அக்கா மகளும் வேண்டாம். உங்களுக்கு இருப்பது ஒருத்திதான்.

28ஆம் தேதி, காலை பத்து மணி, மன்றத்தின் முன்வாசல். வந்தால் வாருங்கள். வரவில்லை என்றால் அன்றோடு அந்த ஒருத்தியும் இல்லை.


பெயிண்ட் பட்டறை,
மார்ச் 2

மருமகளே,

உன்னை வெளியே பெஞ்சுல உட்கார வச்சாங்க, உள்ள நடந்தது உனக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்காமப் போயிட்டே. அதனால எழுதறேன்.

மூணு பேர். நடுவுல தலைவர் அம்மா, நரைச்ச முடி, சின்னக் கண்ணாடி. பக்கத்துல ஒருத்தர், இன்னொருத்தர் எழுதிக்கிட்டே இருந்தார். என் கடிதமெல்லாம் மேஜையில இருந்தது.

“பின்வாசல் வழியா உள்ள போனீங்களா?”

“இல்லைங்க.”

“போனதா சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“அப்ப அது?”

நான் ஜன்னலைப் பார்த்தேன். அந்த அம்மா விடலை. “அது என்னன்னு சொல்லுங்க. பதிவு பண்ணணும்.”

“பொய்.”

ஒவ்வொண்ணா இப்படியே, மருமகளே. பல்லைப் பிடுங்கற மாதிரி. போடும்மா? பொய். திட்டம்? பொய். கண்கலங்கின ஆய்வாளர்? அதையும் கேட்டாங்க! அவர் தும்மினார், அவ்வளவுதான்னேன். எழுதறவர் எழுதாம சிரிச்சார். “அந்த ஏழாம் வகுப்பு வாத்தியார்?”னு பக்கத்துல இருந்தவர் கேட்டார். “அதுக்கும் உங்க முத்திரைக்கும் என்னய்யா சம்பந்தம்?”னு கத்திட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. என் கதைக்கு ஜனம் சிரிச்சு நான் பார்த்திருக்கேன். என்னைப் பார்த்துச் சிரிச்சது அந்த ஹார்டுவேர் கடைக்கப்புறம் அன்னிக்குத்தான்.

கடைசியில அந்த அம்மா பேனாவை வச்சுட்டு, ரொம்ப அன்பா, “உங்க பெயிண்ட் நிஜமாவே தேறியிருக்கே. அந்த உண்மையையே கடையில சொல்லியிருக்கலாமே”ன்னாங்க.

அங்கதான் எனக்குப் பொறுக்கலை. எழுந்து நின்னுட்டேன். “அதைத்தாம்மா முதல்ல சொன்னேன்! உங்க வட்டத்தை யாரும் நம்பலை. உங்க பரீட்சையை யாரும் நம்பலை. நான் ஏமாத்தினேன்னு சொன்னதுக்கப்புறம்தான் உங்க வட்டத்துக்கே மதிப்பு வந்தது. என்னைப் பொய்யன்னு எழுதிக்கோங்க, கையெழுத்துப் போடறேன். அருவி படம் போட்டவனைக் கூப்பிட்டு அந்த அருவி எங்க இருக்குன்னு எப்பம்மா கேக்கப் போறீங்க?”ன்னேன். “எங்ககிட்ட வராதவங்களை நாங்க கேக்க முடியாது”ன்னு அந்தப் பக்கத்து ஆளு முணுமுணுத்தார்.

கடையிலிருந்து அவங்களே டப்பா எடுத்து மறுபடி சோதிக்கப் போறாங்களாம். சோதிக்கட்டும். சலிக்கிற வரைக்கும் சோதிக்கட்டும்.

நீ கேட்ட மாதிரியே உன்னைத் தங்கம்னு சொல்லலை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

மாமன்


விடுதி அறை,
மார்ச் 17

மாமாவுக்கு,

முடிவு வந்துவிட்டது. உங்கள் பெயிண்ட் மறுபடியும் தேறிவிட்டது. முத்திரையை இனி நீங்கள் ஒட்டலாம். தனியாகத் தாள் வரும்.

என்மேல் குற்றம் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். அடுத்த வரியிலேயே, பொதுமக்களின் நம்பிக்கையைக் கருதி லாட்ஜ் பிரிவிலிருந்து என்னைப் பழைய கோப்புகள் வைக்கும் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். ஜன்னல் இல்லை. நான் சேர்த்த லாட்ஜ்களை இனி வேறொருவர் பார்ப்பார். அவர் நல்லவர்தான்.

நீங்கள் உள்ளே கத்தியது வெளியே பெஞ்சுக்குக் கேட்டது. சொன்னது சரிதான். சரியாகச் சொன்னதற்காகவும் எனக்குக் கோபம். அதைச் சொல்ல என்னைப் பலி கொடுத்திருக்க வேண்டியதில்லை.

வந்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். இப்போது வரவில்லை. கொஞ்ச காலம் எழுத வேண்டாம். எழுதினால் பதில் போட மாட்டேன். அத்தையிடம் மட்டும் நானே பேசிக்கொள்கிறேன்.

உங்கள் அக்கா மகள்


பெயிண்ட் பட்டறை,
மார்ச் 24

மருமகளே,

பதில் வேண்டாம். இதைக் குழுவுக்கும் காட்ட வேண்டாம்.

நேத்து ஹார்டுவேர் கடைக்குப் போனேன். பச்சை வட்டம் ஒட்டின புது டப்பாக்களோட. உள்ள நுழையும்போதே முதலாளி எழுந்து வந்து கட்டிப் பிடிச்சார். “யோவ், கில்லாடிய்யா நீ! விசாரணையையே வளைச்சுட்டியே! பொண்ணையும் பத்திரமா ஒரு மூலையில மறைச்சு வச்சுட்டீங்க, சூடு ஆறினதும் மறுபடி மேல வந்துடுவா, என்ன?” கடைப் பையன்கள்லாம் என்னைச் சினிமாக்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாங்க. புதுசாக் கட்டற அடுக்குமாடி முழுசுக்கும் என் பெயிண்டுதானாம். ஒரு வருஷத்துச் சரக்கு. நான் இதுவரைக்கும் கண்ணால பார்க்காத ஆர்டர்.

உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு. கதை தயாரா வந்து நின்னது. தலைவர் அம்மா என் கூடப் படிச்சவங்கன்னு ஆரம்பிச்சா போதும், மத்ததெல்லாம் தானா வந்து விழும். வாயைத் திறந்துட்டேன்.

“நான் பாஸ் பண்ணினேன்யா”ன்னேன். “ரெண்டு தடவை. என் அக்கா மக ஒண்ணுமே பண்ணலை. என் வாயால அவ பார்த்துக்கிட்டிருந்த வேலை போச்சு.”

அவர் சுத்தி நிக்கிறவங்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண்ணடிச்சார். “சரி சரி. வெளியில அப்படித்தான் சொல்லணும்.”

அந்தக் கண்ணடிப்புல எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிடுச்சு. “உன் கடைக்கு இனிமே என் சரக்கு கிடையாது”ன்னேன். விளையாட்டுன்னு நினைச்சுச் சிரிச்சார். அலமாரியில இருந்த என் டப்பாவையெல்லாம் இறக்கினேன், ஒருத்தனும் கை குடுக்கலை, நானே வண்டியில ஏத்தினேன். “பைத்தியமாய்யா உனக்கு? அருவிக்காரனுக்குக் குடுத்துடுவேன்”னார். குடுங்கன்னேன். குடுத்துட்டார். வண்டி தெருமுனை திரும்பறதுக்குள்ள அருவிக்காரன் உள்ள நுழைஞ்சுக்கிட்டு இருந்தான்.

வாயில வந்த வசவையெல்லாம் பட்டறை வரைக்கும் வண்டிக்கே சொல்லிக்கிட்டு வந்தேன். இன்னும் ஆறலை. அவன் மேலயும் ஆறலை, உங்க மன்றத்து மேலயும் ஆறலை. என் மேல உனக்கு ஆற வேண்டாம்.

உன் அத்தை டப்பாக்களைப் பார்த்துட்டு, “ஏன் எல்லாம் திரும்பி வந்திருக்கு?”ன்னா. நடந்ததைச் சொன்னேன். உனக்கு இப்ப எழுதின அளவுதான். கேட்டுக்கிட்டே இருந்தா. நான் நிறுத்தினதும், “அப்புறம்?”னா.

“அப்புறம் ஒண்ணுமில்லை. அவ்வளவுதான்.”

அவ கிட்ட வந்து, காய்ச்சல் அடிக்குதான்னு என் நெத்தியைத் தொட்டுப் பார்த்தா.

மாமா